கால்பந்து அரங்கத்துக்கு ஊருக்குள் இடம் தேடுவது எப்படி?

புதுச்சேரியில் கால்பந்து பார்ப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியும் இங்கே வந்து நிற்கும்: கால்பந்துக்கென்றே நம்ம ஊருக்கு ஒரு நல்ல அரங்கம் வேண்டும். உடனே ஆளுக்கொரு இடம் சொல்வார்கள். "கடலூர் ரோட்டில் மில்லு மூடிக் கிடக்கே." "சேதராப்பட்டுப் பக்கம் எவ்வளவு நிலம் சும்மா கிடக்கு தெரியுமா?" "அந்த ஏரிதான் வற்றிப் போச்சே, மண்ணைக் கொட்டிக் கட்டிட வேண்டியதுதான்." எல்லாருடைய கணக்கும் ஒன்றுதான். இடம் காலியாக இருக்கிறது, அதனால் கட்டலாம்.

அரங்கத்துக்கு இடம் பார்ப்பது என்றால் என்ன என்று முதல்முறையாகத் தெரிந்துகொள்ள நினைப்பவர்கள், இந்தக் கணக்கைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். நெரிசலான ஒரு ஊரில் பத்து ஏக்கர் ஏன் இத்தனை வருடம் காலியாகவே இருந்தது? பெரும்பாலும் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அங்கே தண்ணீர் நிற்கும். அல்லது வழக்கு இருக்கும். அல்லது போய்வர ஒழுங்கான பாதை இருக்காது. அல்லது வேறொன்று அங்கே இயங்கி நின்றுபோயிருக்கும். எந்தக் காரணம் என்று தெரிந்துகொள்வதுதான் இந்த வேலையில் பாதி.

எவ்வளவு நிலம் வேண்டும்?

கோட்டுக்குள் இருக்கும் ஆடுகளம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். பெரிய ஆட்டங்களுக்கு இன்று வழக்கமாக எடுத்துக்கொள்ளும் அளவு இதுதான். 7,140 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ ஒன்றே முக்கால் ஏக்கர். ஆனால் வேகமாக ஓடிவரும் வீரர் கோட்டைத் தாண்டி நிற்க இடம் வேண்டும். மாற்று ஆட்டக்காரர்கள் உடம்பைச் சூடேற்ற வேண்டும், விளம்பரப் பலகை நிற்க வேண்டும், கேமராக்காரர் உட்கார வேண்டும். இதையெல்லாம் சேர்த்தால் 125-க்கு 85 மீட்டர், அதாவது 2.6 ஏக்கர். இன்னும் ஒரு நாற்காலிகூடப் போடவில்லை.

சரி, நாற்காலி போடுவோம். ஒருவர் உட்கார அரை மீட்டர் அகலம், காலை நீட்ட இடத்தோடு முக்கால் மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான ஆழம் வேண்டும். 10,000 பேருக்கு இருக்கை மட்டும் 4,000 சதுர மீட்டர் ஆகிவிடும். படிக்கட்டு, நடைபாதை, வாயில் எல்லாம் சேர்ந்தால் ஒன்றரை ஏக்கரைத் தாண்டும். கழிப்பறையையும் உடை மாற்றும் அறையையும் கேலரிக்கு அடியில் அடக்கிவிடலாம். வெளியே கூட்டம் நின்று கலைய நாலு பக்கமும் திறந்தவெளி வேண்டும். ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் சுற்றி வர வேண்டும். என் கணக்கில், 10,000 பேர் அரங்கத்தை ஆறு ஏக்கரில் நெருக்கிக் கட்டலாம். பத்து ஏக்கர் கிடைத்தால் தாராளமாக மூச்சு விடும்.

இந்த இடத்தில் ஒரு ஆசை குறுக்கே வரும். எப்படியும் கட்டப்போகிறோம், சுற்றிலும் 400 மீட்டர் ஓடுதளமும் போட்டுவிடலாமே என்று. எட்டுப் பாதை கொண்ட ஓடுதளத்தின் வெளி அளவு சுமார் 177-க்கு 93 மீட்டர். 2.6 ஏக்கர் அங்கேயே நாலு ஏக்கர் ஆகிவிடும். அதைவிடப் பெரிய இழப்பு, பார்வையாளர் பின்னுக்குத் தள்ளப்படுவது. சென்னை நேரு ஸ்டேடியத்தில் கோல் போஸ்டுக்குப் பின்னால் இருக்கும் கேலரியில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். எதிர் முனையில் கோல் விழுந்ததா என்பதைக் கூட்டத்தின் சத்தத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கும். ஆடுகளத்தின் நடுப்புள்ளியிலிருந்து 90 மீட்டருக்குள் இருக்கைகள் அமைந்தால் பந்து நன்றாகத் தெரியும் என்பது அரங்க வடிவமைப்பில் ஒரு பொது விதி. ஓடுதளம் போட்டதுமே அந்த வட்டத்துக்குள் நல்ல இடங்கள் குறைந்துவிடும். தடகள வீரர்களுக்கும் நல்ல தளம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அது தனியாக இருக்கட்டும்.

அப்புறம், மனையின் வடிவம். மாலை நாலு மணிக்கு மேல்தான் இங்கே ஆட முடியும். அந்த நேரத்தில் வெயில் மேற்கிலிருந்து சாய்ந்து விழும். ஆடுகளம் கிழக்கு மேற்காகக் கிடந்தால் ஒரு கோல்கீப்பர் பாதி ஆட்டம் முழுக்கக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார். அதனால் ஆடுகளத்தின் நீளவாக்கு வடக்கு தெற்காக இருக்க வேண்டும், கொஞ்சம் சாய்ந்தாலும் பரவாயில்லை. பத்து ஏக்கர் இருந்தும் அது கிழக்கு மேற்காக ரிப்பன் மாதிரி நீண்டு கிடந்தால் உதவாது. ஆக, சர்வே வரைபடம் கையில் கிடைத்ததும் முதலில் பார்க்க வேண்டியது வடக்கு எந்தப் பக்கம் என்பதைத்தான்.

எத்தனை பேர் வருவார்கள்?

மேலே நான் 10,000 என்று எடுத்துக்கொண்டேன். பலர் 40,000 என்று தொடங்குவார்கள். 2014 உலகக் கோப்பைக்காக பிரேசிலின் மனாஸ் நகரில் 40,000 பேருக்கு மேல் அமரும் அரங்கம் ஒன்றைக் கட்டினார்கள். உலகக் கோப்பை ஆட்டங்கள் நாலு நடந்தன. அதற்குப் பிறகு அதை நிரப்பும் அளவுக்கு உள்ளூர் அணிகளுக்குக் கூட்டம் இல்லை. காலியான கேலரிக்கும் பெயின்ட் அடிக்க வேண்டும், துருவைச் சுரண்ட வேண்டும், மின் கட்டணம் கட்ட வேண்டும். நம் ஊரில் கடல் காற்று வேறு. இரும்புக் கூரைக்கு இங்கே ஆயுள் குறைவு.

கூட்டம் எவ்வளவு வரும் என்று தெரிந்துகொள்ளக் கட்டித்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. இருக்கிற மைதானத்தில் ஒரு சீசனுக்குத் தற்காலிக கேலரி போட்டு டிக்கெட் கிழித்துப் பார்க்கலாம். நம் ஒன்றியப் பகுதியின் ஒரு துண்டான மாஹேயைச் சுற்றியுள்ள மலபாரில், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டிகள் இப்படித்தான் காலம் காலமாக நடக்கின்றன. அறுவடை முடிந்த வயலிலும் பள்ளி மைதானத்திலும் கேலரி எழும்பும், சீசன் முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். அங்கே கேலரி சரிந்து பலர் காயப்பட்டதும் உண்டு. அதனால் பொறியாளர் சான்று இல்லாத கேலரியில் ஒருவரையும் ஏற்றக் கூடாது.

இந்தப் பகுதியில் ஆட்டக்காரர்களுக்குக் குறைவில்லை. இந்தியப் பெண்கள் அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் கடலூர் மாவட்டத்துப் பெண்கள். இவர்களைப் போன்றவர்கள் வளர வேண்டுமென்றால் கேலரியைவிடப் பயிற்சி மைதானம் முக்கியம். இயற்கைப் புல் தரையில் தினமும் காலை மாலை ஆடினால் ஒரே மாதத்தில் கோல் முகத்தில் மண் தெரிய ஆரம்பித்துவிடும். பெரிய ஆட்டம் நடக்கும் தரையை வாரத்தில் சில மணி நேரம்தான் பயன்படுத்த முடியும். எனவே இடம் பார்க்கும்போதே பக்கத்தில் இன்னொரு பயிற்சி மைதானத்துக்கு இரண்டரை ஏக்கர் தேறுமா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஊர்ப் பிள்ளைகள் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்க்கும் அரங்கமாக அது ஆகிவிடும்.

வருவதைவிட வீடு திரும்புவது பெரிய விஷயம்

ஆட்டத்துக்கு வருகிறவர்கள் ஒன்றரை மணி நேரம் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வருவார்கள். நடுவர் கடைசி விசில் ஊதியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்துவிடுவார்கள். ஒரு இடம் அரங்கத்துக்கு ஏற்றதா என்பதை அந்தப் பத்து நிமிடம்தான் சொல்லும்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. பிரிட்டனின் விளையாட்டு அரங்கப் பாதுகாப்பு வழிகாட்டி, சமதளத்தில் ஒரு மீட்டர் அகலமுள்ள வழியில் நிமிடத்துக்கு 82 பேர் வரை நடந்து வெளியேறலாம் என்கிறது. சாதாரண நிலையில் எட்டு நிமிடத்துக்குள் எல்லாரும் வெளியேறிவிட வேண்டும். 10,000 பேர் எட்டு நிமிடத்தில் என்றால் நிமிடத்துக்கு 1,250 பேர். அதை 82-ஆல் வகுத்தால் பதினைந்து மீட்டருக்குக் கொஞ்சம் மேல். நாலு மீட்டர் அகலத்தில் நாலு வாயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்று அடைபட்டாலும் சமாளிக்க இன்னொன்று கூடுதலாக வேண்டும்.

சரி, வாயில் வைத்தாகிவிட்டது. வாயிலுக்கு வெளியே என்ன இருக்கிறது? ஆறு மீட்டர் அகலத்தில் ஒரே ஒரு தெரு என்றால், அதில் ஒரு டூவீலர்கூட நிற்காத நிலையிலும் 10,000 பேர் வெளியேற இருபது நிமிடம் ஆகும். நம் தெருக்களில் எது நிற்காமல் இருக்கிறது? இளநீர் வண்டி, டெம்போ, டிரான்ஸ்ஃபார்மர், தெருவுக்கு நீட்டிய கடைப் படி. டேப்பை எடுத்துக்கொண்டு போய் நடந்து அளந்து பார்த்தால், ஆறு மீட்டர் என்று பதிவேட்டில் இருக்கும் தெரு மூன்றரை மீட்டர்தான் தேறும். இடம் பார்க்கப் போகிறவர்கள் மனைக்குள் அளப்பதற்கு முன்னால் வெளியே இருக்கும் தெருவை அளக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வேன்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்தின் வாயில்களுக்கு வெளியே நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். நகரின் நடுவில் இருக்கும் அரங்கம் அது. மதிலுக்கு வெளியே கூட்டம் சேர்ந்தால் எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கு அன்று பதில் இல்லை. 1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதிய ஆட்டத்தில் 16 ரசிகர்கள் உயிரிழந்தார்கள். ஆட்டம் பார்க்கப் போன பிள்ளை வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அதற்கு உறுதி தராத இடம் மற்ற எல்லாவற்றிலும் நல்ல இடமாக இருந்தாலும் வேண்டாம்.

வாகனங்களுக்கு வருவோம். நடைவழியோடு ஒரு காருக்கு 25 சதுர மீட்டர், டூவீலருக்குச் சுமார் மூன்று சதுர மீட்டர் ஆகும். டூவீலரில் இரண்டிரண்டு பேராக 5,000 பேர் வந்தால் 2,500 வண்டி, இரண்டு ஏக்கருக்குள் அடங்கிவிடும். காரில் நாலு நாலு பேராக 2,000 பேர் வந்தால் 500 கார், மூன்று ஏக்கர். பாதிக் கூட்டத்துக்கு இரண்டு ஏக்கர் போதும் என்றிருக்க, ஐந்தில் ஒரு பங்கு ஆட்களுக்கு மூன்று ஏக்கர் போகிறது. ஊருக்குள் அரங்கம் வேண்டும் என்றால் கார் நிறுத்துமிடத்தைக் குறைத்தாக வேண்டும். அப்படிக் குறைக்க முடிவது பேருந்தும் ரயிலும் நடக்கும் தூரத்தில் இருந்தால் மட்டுமே. கொச்சியில் கலூர் ஸ்டேடியத்துக்கு எதிரிலேயே மெட்ரோ நிலையம் வந்துவிட்டது. இஸ்தான்புல்லில் 2002-இல் திறந்த அத்தாத்துர்க் ஒலிம்பிக் அரங்கம் நகரின் ஒதுக்குப்புறத்தில், காற்று வீசும் மேட்டில் நிற்கிறது. அங்கே ஒரு சீசன் ஆடிப் பார்த்த கலாட்டாசராய் அணி நகருக்குள் இருந்த தன் பழைய அரங்கத்துக்கே திரும்பிவிட்டது.

சேதராப்பட்டில் எனக்கு இருக்கும் தயக்கம் இதுதான். மயிலம் சாலையில் நிலம் கிடைக்கலாம். பக்கத்தில் துத்திப்பட்டில் கிரிக்கெட் மைதானமும் இருக்கிறது. ஆனால் இரவு ஒன்பதரைக்கு ஆட்டம் முடிந்தால், முத்தியால்பேட்டையிலிருந்து வந்த கல்லூரிப் பெண் எதில் வீடு திரும்புவார்? கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வருகிறவர்களுக்குப் பேருந்து நிலையம் வரை போகவே ஒரு பயணம். சொந்த வண்டி இல்லாதவர்கள் வர முடியாத அரங்கத்தில் கால்பந்து ரசிகர்களில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள்.

ஊருக்குள் இருப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. சனி ஞாயிறு என்றால் சென்னை, பெங்களூரு வண்டிகள் ஈசிஆரையும் நூறடி சாலையையும் நிறைத்துவிடும். கால்பந்து ஆட்டங்களும் சனி ஞாயிறில்தான் வரும். அதனால் இடத்தைச் சோதிக்கச் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குப் போனால் எல்லா இடமும் நல்ல இடமாகத்தான் தெரியும். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் போக வேண்டும்.

தண்ணீர்

இடம் ஏன் காலியாகக் கிடக்கிறது என்று முதலில் கேட்ட கேள்விக்குப் புதுச்சேரியிலும் கடலூரிலும் அதிகமாகக் கிடைக்கும் பதில் தண்ணீர்தான். புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் என்று கணக்கு. பெரியது ஊசுடு, அடுத்தது பாகூர். ஏரி, அதற்கு வரும் வாய்க்கால், அது நிரம்பி வழிந்தால் தண்ணீர் போகும் தாழ்வு நிலம் என்று எல்லாம் ஒரே தொடர். கோடையில் பார்த்தால் வாய்க்கால் கோடாகவும் தாழ்வு நிலம் மைதானமாகவும் தெரியும். பையன்கள் அங்கே ஸ்டம்ப் நட்டு ஆடிக்கொண்டிருப்பார்கள். ஐப்பசி வந்ததும் நிலத்தின் உண்மையான சொந்தக்காரர் வந்துவிடுவார்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. கிருஷ்ணா நகரிலும் ரெயின்போ நகரிலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது, ராணுவம் வந்து மக்களை மீட்டது. இப்போது பத்து ஏக்கர் அரங்க மனையை நினைத்துப் பாருங்கள். அதில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 40 லட்சம் லிட்டர் தண்ணீர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஏற்றினால் 330-க்கு மேல் லோடு. மண் தரையாக இருந்தவரை அதில் ஒரு பங்கு உள்ளே இறங்கியது. கான்கிரீட்டும் கூரையும் போட்ட பிறகு அவ்வளவும் வெளியே ஓடும். அரங்கத்தை மட்டும் மேடாக்கிக் கட்டிவிட்டால் அரங்கம் தப்பிவிடும், பக்கத்துத் தெரு மூழ்கும். அதனால் வற்றிய ஏரியில் கட்டலாம் என்ற யோசனையை நான் பேச்சுக்குக்கூட ஏற்க மாட்டேன். ஊசுடு ஏரியின் புதுச்சேரிப் பகுதி 2008 முதல் பறவைகள் சரணாலயம் என்பது தனிக் காரணம். சரணாலயம் ஆகாத சின்னத் தாங்கலுக்கும் இது பொருந்தும்.

கடலூர் நிலைமை இன்னும் நெருக்கடியானது. வடக்கே தென்பெண்ணை, ஊரை ஊடுருவிக் கெடிலம், கிழக்கே கடல். மஞ்சக்குப்பம் இந்த மூன்றுக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே மைதானமும் அண்ணா விளையாட்டு அரங்கமும் இருப்பதால் புதிதாக இடம் தேடுவதைவிட இருப்பதைச் சீர்செய்வதே மேல் என்று தோன்றுகிறது. ஊருக்கு வெளியே போனால் ஆறு கரை உடைத்த கதைதான் மிஞ்சும். 2015 வெள்ளத்தைக் கடலூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நிலத்தடி நீரையும் பார்க்க வேண்டும். செலவைக் குறைக்க ஆடுகளத்தைத் தரை மட்டத்துக்குக் கீழே தோண்டி இறக்கிவிட்டு, தோண்டிய மண்ணை மேடாக்கிக் கேலரி அமைப்பது உலகெங்கும் உள்ள பழக்கம். லாஸ்பேட்டை, கோரிமேடு பக்கச் செம்மண் மேட்டில் அது நடக்கும். கடலை ஒட்டிய பகுதியில் கொஞ்சம் தோண்டினாலே ஊற்று வந்துவிடும், அதுவும் பல இடங்களில் உப்பு நீர். புல்லுக்கோ நல்ல தண்ணீர் வேண்டும். வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்தாலும், 10,000 சதுர மீட்டர் புல்தரைக்கு 50,000 லிட்டர். அதைக் குடிநீர்க் குழாயிலிருந்து எடுப்பது நியாயம் இல்லை. சுத்திகரித்த கழிவுநீர் வரும் வழி இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. லாஸ்பேட்டையில் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது என்பது அந்தப் பக்கத்துக்கு இன்னொரு சாதகம். ஆனால் விமான நிலையமும் அங்கேதான். ஃப்ளட்லைட் கம்பங்கள் 30, 40 மீட்டர் உயரம் போகும் என்பதால் விமான நிலைய ஆணையத்தின் உயர அனுமதி இல்லாமல் ஒரு கம்பம்கூட நட முடியாது.

நிலம் யாருடையது?

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், சட்டம் வழக்கறிஞர்களின் வேலை. புதுச்சேரியின் எல்லை ஒட்டுப்போட்ட துணி மாதிரி தமிழ்நாட்டோடு பின்னிக் கிடக்கிறது. மனை புதுச்சேரியிலும் அதற்குப் போகும் சாலை தமிழ்நாட்டிலும் இருக்கலாம். அப்படி இருந்தால் சாலையை அகலப்படுத்த இரண்டு அரசுகளிடம் நடக்க வேண்டும். தனியார் நிலத்தை அரசு எடுக்க வேண்டுமென்றால் 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம் பொருந்தும். சமூகத் தாக்க மதிப்பீடு நடத்த வேண்டும். அரசும் தனியாரும் கூட்டாகச் செய்யும் திட்டத்துக்குப் பாதிக்கப்படும் குடும்பங்களில் 70 சதவீதம் பேரின் சம்மதம் வேண்டும். புறம்போக்கு என்றால் சுலபம் என்று நினைப்பார்கள். அங்கே முப்பது வருடமாகக் குடிசை போட்டிருப்பவர்களுக்கு அது வீடு. கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளையும் பார்க்க வேண்டும்.

பழைய நகரத்தின் அருகில் கட்டுவது பற்றி ஒரு எச்சரிக்கை. லிவர்பூலின் துறைமுகப் பகுதி 2004-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2021-இல் நீக்கப்பட்டது. யுனெஸ்கோ சுட்டிய காரணங்களில் ஒன்று, பழைய கப்பல் துறையில் எவர்ட்டன் அணி கட்டத் திட்டமிட்ட புதிய அரங்கம். அந்த அரங்கம் 2025-இல் திறந்தும்விட்டது. நம் வெள்ளை நகரம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் இரண்டு மாடி வீடுகளும் தாழ்ந்த ஓட்டுக் கூரைகளும் நிறைந்த ஒரு ஊரின் வானத்தில் என்ன உயர்கிறது என்பது முக்கியம்தான்.

மூடிய மில்லும் உப்பளமும்

நகருக்குள் பெரிய மனை கிடைப்பது பெரும்பாலும் ஏதாவது ஒன்று மூடும்போதுதான். லண்டனின் ஆர்சனல் அணி 2006-இல் தன் பழைய அரங்கமான ஹைபரியை விட்டு நடந்து போகும் தூரத்திலேயே புதிய அரங்கத்துக்கு மாறியது. குப்பைக் கிடங்கும் சிறு தொழிற்கூடங்களும் இருந்த இடம் அது. அங்கிருந்தவர்களுக்கு மாற்று இடம் ஏற்பாடு செய்த பிறகுதான் வேலை தொடங்க முடிந்தது. லண்டனின் இன்னொரு அணியான பிரென்ட்ஃபோர்டின் அரங்கம் இன்னும் நல்ல பாடம். ரயில் பாதைகளுக்கு நடுவில் முக்கோணமாகக் கிடந்த நிலத்தில் 17,250 பேருக்கு இடம் பண்ணிவிட்டார்கள். பக்கத்திலேயே ரயில் நிலையம் இருக்கிறது.

நம் ஊரில் இதைப் படிக்கும் யாருக்கும் முதலியார்பேட்டை நினைவுக்கு வரும். அங்கே இருக்கும் ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) மில் 1898-இல் தொடங்கியது. 2011 தானே புயலில் அடி வாங்கியது, 2020-இல் மூடப்பட்டது. நகரத்தை ஒட்டி, கடலூர் சாலையில், ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுத்த இடம். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பெரும் கூட்டம் வந்து போன சாலை அது. பக்கத்துத் திடலில் பொதுக்கூட்டமும் பொருட்காட்சியும் நடந்து பழகியிருக்கிறது. இடம் தேர்வின் எல்லாக் கேள்விகளையும் வரிசையாகக் கேட்டால் முதலில் நிற்பது மூடிய மில் நிலம்தான் என்பது என் கருத்து.

ஆனால் அதன் குறைகளையும் சொல்ல வேண்டும். ரயில்வே கேட் மூடினால் கடலூர் சாலை எப்படி நிற்கும் என்று அந்த வழியில் போகிற எல்லாருக்கும் தெரியும். ஆட்டம் முடியும் நேரத்தில் ரயில் வந்தால் கூட்டம் தண்டவாளத்தில் ஏறும். மேம்பாலமோ சுரங்கப் பாதையோ இல்லாமல் அங்கே பெரிய அரங்கத்தை நினைக்கவே கூடாது. அடுத்தது, அந்த மண்ணின் நினைவு. 1936 ஜூலை 30 அன்று எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய புதுச்சேரி மில் தொழிலாளர்கள் 12 பேர் பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். மில்லில் கடைசி வரை வேலை பார்த்தவர்கள் இன்னும் அக்கம்பக்கத்தில்தான் இருக்கிறார்கள். அரங்கம் வந்தால் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அங்கே வேலையும் ஆடும் உரிமையும் உண்டா என்பதை முதலிலேயே எழுத்தில் பேசி முடிக்க வேண்டும். பழைய ஆலைக் கட்டடங்களில் எதை இடிக்காமல் வைத்துக்கொள்ளலாம் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. ஆர்சனல் போன பிறகு ஹைபரியின் பழைய முகப்பை அப்படியே வைத்துக் குடியிருப்பாக மாற்றினார்கள்.

அடுத்ததாக நிற்பது உப்பளம் பகுதி. இந்திரா காந்தி விளையாட்டு அரங்கம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. ஊருக்கு வழி தெரியும், ரயில் நிலையமும் பழைய நகரமும் பக்கம். புதிதாக நிலம் எடுக்க வேண்டாம். கடலை ஒட்டிய தாழ்வு நிலம் என்பதால் வடிகாலுக்கு அதிகம் செலவாகும். கேலரியை ஒவ்வொரு பக்கமாக இடித்துக் கட்டினால், ஆட்டங்கள் நிற்காமல் நாலைந்து வருடத்தில் முடிக்கலாம். பணம் குறைவாக இருந்தால் நான் இதைத்தான் முதலில் செய்வேன்.

எந்த இடமானாலும் ஆட்டம் இல்லாத நாட்களையும் யோசித்தாக வேண்டும். ஒரு தொழில்முறை அணி சொந்த ஊரில் வருடத்துக்குப் பத்து முதல் இருபது ஆட்டங்கள்தான் ஆடும். மற்ற முந்நூற்றுச் சொச்சம் நாட்கள் கதவைப் பூட்டி வைத்தால் அந்தத் தெருவே இருண்டுவிடும். கொச்சியில் கேலரிக்கு அடியில் வரிசையாகக் கடைகள் இருக்கின்றன, வாடகை வருகிறது. இடமே இல்லாத மொனாக்கோவில், 1985-இல் திறந்த லூயி இரண்டாம் அரங்கத்தில் ஆடுகளத்துக்குக் கீழேயே கார் நிறுத்துமிடம். நமக்கு அவ்வளவு வேண்டாம். முதலியார்பேட்டையில் கேலரிக்கு அடியில் ஒரு நூலகம், ஒரு உடற்பயிற்சிக் கூடம், சாலையைப் பார்த்துக் கடைகள் இருந்தாலே அக்கம்பக்கத்துக்காரர்கள் அரங்கத்தைத் தங்களுடையதாக நினைப்பார்கள். ஆட்ட நாள் சத்தத்தையும் பொறுத்துக்கொள்வார்கள்.

மில் நிலத்தைத் தேர்ந்தெடுத்தால் கடைசியாக ஒன்று. துணி ஆலை நூறு வருடம் ஓடிய மண்ணில் சாயமும் இயந்திர எண்ணெயும் இறங்கியிருக்கக்கூடும். பிள்ளைகள் விழுந்து புரளப் போகும் தரை அது. பல இடங்களில் துளையிட்டு, வெவ்வேறு ஆழங்களில் மண்ணும் நீரும் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். அசுத்தம் இருந்தால் மேல் மண்ணை அகற்றும் செலவு மொத்தக் கணக்கையே மாற்றிவிடும். அந்தப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்த பிறகுதான் வடிவமைப்பாளரிடம் வரைபடம் கேட்க வேண்டும்.